என்னைவிட இளைய அண்ணன்

14.3.1989, செவ்வாய்

நாளை காலை பத்து மணிக்கு, அண்ணன் வேலை செய்யும் தொழிற்சாலையின் விசாரணை அதிகாரி முன் நான் சாட்சி சொல்ல வேண்டும். நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. அண்ணனுக்கு இன்னும் ஓய்வு வரவில்லை. வேலையில் சேரும்போது வயதைக் குறைத்து எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாளின்படி அவர் எனக்கு இரண்டு வயது இளையவர். யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள். உண்மை தெரிந்தால் வேலையும் பென்ஷனும் போய்விடும்.

என்னைப் படிக்க வைத்தது அந்த வேலைதான்.

சரித்திர வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். தகப்பன் செய்த தவறை மகன் மறைப்பதும் நேர்மையே என்பது சீன ஞானியின் கட்சி. உறவு எதுவானாலும் உன் அறிவு சரியென்று காண்பதையே செய் என்பது மேல்நாட்டார் கட்சி. எது சரி என்று பிள்ளைகள் கேட்டால், "நீங்களே யோசியுங்கள்" என்பேன். அதற்குள் மணி அடித்துவிடும்.

சாயங்காலம் அண்ணன் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் வந்தார். காபியைத் தொடவில்லை.

"டேய், நாளைக்கு ஆபீசர் முன்னால என்னை அண்ணான்னு கூப்டாத. பேப்பர்ல நீதான் பெரியவன். இன்னா, புரிதா?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பேரைச் சொல்லிக் கூப்டுன்றேன். வேணும்னா நான் உன்னை அண்ணாத்தேன்னு கூப்டுறேன்" என்று சிரிக்கப் பார்த்தார்.

நான் யோசிக்கவே இல்லை.

"சரிண்ணா" என்றேன்.

"இதத்தான்டா வேணாம்ன்றேன்" என்றார் அண்ணன்.