தலைநகரத்தில் இருக்கிறேன்

ஒட்டாவா, மே 12

அன்புள்ள தங்கேஸ்,

போனில் கதைத்தால் சண்டை வருகிறது, மின்னஞ்சல் போடுங்கள் என்றீர். போடுகிறேன். வேலை பரவாயில்லை. நீர் கேட்ட தலைநகரம் அழகாகத்தான் இருக்கிறது. நாடாளுமன்றம் ஆற்றங்கரைக் குன்றில் நிற்கிறது. நேற்று அதன் அமைதிக் கோபுரத்தில் ஏறிப் பார்த்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கியூபெக், பெயர்ப்பலகையெல்லாம் பிரெஞ்சு. ஊர் நடுவே ரிடோ கால்வாய். பனிக்காலத்தில் அது உறைந்ததும் சனம் அதில் சறுக்கியே வேலைக்குப் போகுமாம். இப்போது எங்கும் டியூலிப் பூ. மதுராவுக்கு என் முத்தம்.

உம்முடைய
சாமித்தம்பி

ஸ்காபரோ, மே 14

மதுராவின் அப்பாவுக்கு,

வாசித்தேன். கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் நீங்கள் ஒரு பூவின் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. அரிசி எங்கே வாங்குகிறீர்கள், யார் சமைக்கிறது, ஒன்றும் எழுதவில்லை. பக்கத்து வீட்டு லக்சிகா போன கிழமைதான் பள்ளிக்கூடத்தோடு ஒட்டாவா போய் வந்தாள். "அந்தக் கோபுரத்துக்கு ஒருத்தரையும் விடுறேல்லை அன்ரி. கனகாலமாத் திருத்துறாங்கள், சுத்திவரக் கிரேன்தான்" என்கிறாள். நீங்கள் எப்படி ஏறினீர்கள்? எங்கே இருக்கிறீர்கள், யாரோடு இருக்கிறீர்கள்? பிள்ளை மேல் சத்தியமாக எழுதுங்கள்.

தங்கேஸ்வரி

ஒஷாவா, மே 15

தங்கேஸ்,

மேலே ஊர்ப் பெயரைப் பாரும். இங்கே ஒரு சாமான் கிடங்கில் வேலை. கூட வேலை செய்யும் றூபனோடு ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்றில் இருக்கிறேன். வேறு ஒருத்தியும் இல்லை, சத்தியம்.

அன்று போனில் ஒஷாவா என்றுதான் சொன்னேன். உமக்கு ஒட்டாவா என்று கேட்டது. "அவ்வளவு தூரமோ? அப்ப சனி ஞாயிறும் வர ஏலாது" என்றீர். பிறகு ஒரு பெருமூச்சு விட்டீர். நான் இல்லாதது உமக்கு நிம்மதி என்று பட்டது. திருத்த மனம் வரவில்லை. நீர் ஊரைப் பற்றிக் கேட்கவும், இணையத்தில் பார்த்து எழுதினேன். இப்போதாவது உண்மையைச் சொல்லும். அது நிம்மதிதானே?

சாமித்தம்பி

ஸ்காபரோ, மே 16

இஞ்சேருங்கோ,

நிம்மதிதான். மாதக்கணக்காக வேலையில்லாமல் சோபாவில் சுருண்டு கிடந்தவருக்குத் தலைநகரத்தில் வேலை என்றால் எனக்கு நிம்மதி வராதா? கோயிலில் எல்லோரிடமும் சொல்லியும்விட்டேன்.

தூரம் என்றுதான் நீங்கள் வராததைப் பொறுத்திருந்தேன். ஒஷாவாவிலிருந்து இங்கே புறநகர் ரயில் ஓடுகிறது. அரை மணித்தியாலத்தில் வரக்கூடிய இடத்தில் இருந்துகொண்டு, அப்பா ஏன் வரவில்லை என்று மதுரா கேட்கும்போதெல்லாம் என்னைப் பொய் சொல்ல வைத்தீர்கள். அந்தக் கோபம் எனக்கு லேசில் ஆறாது.

நாளைக் காலை அவளோடு இங்கே கில்ட்வூட் ரயில் ஸ்டேஷனில் நிற்பேன். வாங்கோ. யாராவது கேட்டால் ஒட்டாவாவிலிருந்து வந்ததாகவே சொல்லுங்கள். கோபுரத்தில் மட்டும் ஏறாதீர்கள்.

தங்கேஸ்