212-இன் ஊதல்

ஜூன் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

வாலு எழுதுவது. "நலம், நலமறிய ஆவல்" என்று ஆரம்பிக்கச் சொன்னாள் அம்மா. நலம் சுமார், ஆவல்தான் ஜாஸ்தி.

பார்சல் வந்தது. எட்டு வருடமாகப் பட்டறையில் உட்கார்ந்து ஊரார் அலமாரிக்கெல்லாம் குட்டிப் பித்தளை ரயில் எஞ்சின் செய்துவிட்டு, இப்போதுதான் சொந்த வீட்டுக்கு ஒரு வண்டி விட்டிருக்கிறீர்கள். இவ்வளவு லேட்டுக்கு ஒரு அறிவிப்பாவது கொடுத்திருக்கலாம்.

நீங்கள் ஓட்டிய அதே 212-ஆம் நம்பர் எஞ்சின்! பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். டிரைவர் நிற்கும் இடத்தில் ஊதல் கயிறுகூட இருக்கிறது. நேற்று அம்மா பின்னால் போய் நின்று, எஞ்சினை நீட்டி, "கூ" என்று நானே ஊதினேன். பித்தளையில் ஒரு சின்னப் பித்தலாட்டம். சிரிப்பாள் என்று பார்த்தால், கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். "அந்தச் சத்தம் இந்த வீட்டுல வேணாம்டி" என்றாள். அப்புறம் சாப்பிடவே இல்லை.

இந்த லீவுக்காவது வருவீர்களா?

உங்கள் வாலு

ஜூன் 15

அன்பு மகளுக்கு,

அம்மாவைச் சீண்டாதே. அந்த விபத்து நடந்தபோது உனக்கு ஏழு வயது, விவரம் தெரிந்திருக்காது. விடிகாலை, மூடுபனி. கேட் இல்லாத கிராசிங்கில் பால்காரர் சைக்கிளோடு ஏறிவிட்டார். நான் ஊதியிருந்தால் நின்றிருப்பார், பிழைத்திருப்பார். "மறந்துட்டேன்" என்று விசாரணையில் சொன்னேன், வேலை போயிற்று. அவர் வீடு நம் வீட்டிலிருந்து இரண்டு தெரு. எந்த முகத்தோடு அந்த வழியாக வருவேன்?

அப்பா

ஜூலை 2

அப்பா,

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. இதில் ஜோக் எதுவும் இல்லை, தேடாதீர்கள்.

212 இப்போது என் மேசையில் இருக்கிறது. ஊதலுக்கு நீராவி போகும் குழாயில் ஒரு குட்டிப் பிடி வைத்திருக்கிறீர்களே, குழாயோடு நேராக இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் அடைப்பு. தினமும் ஊசி முனையால் அதை நேராக்கிவிட்டுத்தான் படுக்கிறேன். காலையில் எழுந்தால் குறுக்கே நிற்கிறது. கதவைத் தாழ் போட்டும் பார்த்துவிட்டேன். அம்மா அந்தப் பக்கமே வருவதில்லை.

விவரம் தெரிந்திருக்காது என்று எழுதினீர்கள். தெரியும் அப்பா. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் எஞ்சின் ஷெட்டில் என்னை 212-இல் ஏற்றிவிட்டு, யாருடனோ பேசப் போனீர்கள். கயிற்றை இழுத்தால் ஊதும், இந்தப் பிடியைத் திருப்பினால் ஊதாது என்று நீங்கள்தான் காட்டியிருந்தீர்கள். நாளைக்கு அப்பா இழுத்து இழுத்து முழிப்பார் என்று சிரித்துக்கொண்டே திருப்பிவிட்டேன்.

நீங்கள் மறக்கவில்லை. எனக்கும் மறக்கவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்தபிறகு என்னை மகள் என்று எழுதுவீர்களா?

(பெயர் போடக் கை வரவில்லை)

ஜூலை 11

என் வாலுவுக்கு,

தெரியும். கயிற்றை இழுத்தேன், காற்றுகூட வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பிடி குறுக்கே நின்றது, உன் விளையாட்டு என்று அப்போதே தெரிந்துவிட்டது. சொன்னால் உன்னிடம் வந்து கேட்பார்கள். அதனால்தான் மறந்துவிட்டேன் என்றேன்.

ஆனால் நீ அறியாதது ஒன்று உண்டு. ஷெட்டை விட்டுக் கிளம்புமுன் ஒருமுறை ஊதிப் பார்க்க வேண்டும், அது விதி. ஷெட்டை ஒட்டித்தானே நம் குவார்ட்டர்ஸ் அப்போது, பிள்ளை தூங்குகிறாள் என்று ஊதிப் பார்க்காமலே கிளம்பினேன். விளையாட்டு உன்னுடையது, தப்பு என்னுடையது. அடுத்த வாரம் வருகிறேன். அம்மாவிடமும் பால்காரர் வீட்டிலும் நானே சொல்கிறேன்.

அந்தப் பிடி யார் திருப்பினாலும் திரும்பாது, கண்ணு. நேராக வைத்து, அசையாதபடி ஈயத்தால் பற்றவைத்துத்தான் அனுப்பினேன். என் மேசையில் இருந்தவரை எனக்கும் தினமும் காலையில் அது குறுக்கேதான் தெரிந்தது.

நான் வரும்வரை கண்ணால் பார்க்காதே. விரலால் தொட்டுப் பார்.

அப்பா