தானே முங்கும் பொடி

உன்னுடைய அந்த நீளக் கண்ணாடிக் குழாய் இப்போது என் வீட்டு ஜன்னலில் நிற்கிறது. காலாப்பட்டுக் கடற்காற்று அதன்மேல் உப்பைப் பூசுகிறது. துடைக்கலாம் என்று துணியை எடுத்தால் கை பாதியில் நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பது வெறும் தண்ணீர். அதைப் பார்த்து இந்த வயதில் பயப்படுகிறேன் என்று உன்னிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். பிறகு நீயும் பயந்திருப்பாய்.

உன் மனைவிதான் போன் செய்தாள். "அவரு அலமாரிய ஒழிச்சேண்ணே. இந்த அளவுக் குழாய என்னா பண்றதுன்னே தெரியல. தூக்கிப் போட மனசு வரல. நீங்களே எடுத்துட்டுப் போங்க." போனேன். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே நுழைந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். மடமடவென்று குடித்துவிட்டேன். குடித்து முடித்த பிறகுதான் உறைத்தது, உன் தெருவில் தண்ணீர் இனிக்காது.

"கேன் தண்ணியாம்மா?" என்று கேட்டேன்.

"கேனா? கெணத்தத் தொறந்துட்டாங்கண்ணே. கொழாயில ஒரே உப்பு, பருப்பு கூட வேவ மாட்டேங்குது. தெருவே கூடி மேல மூடியிருந்த பலகைய எடுத்துட்டாங்க. நான் சொன்னேன், யாரும் கேக்கல. நானும் எத்தினி நாளுக்கு உப்பையே குடிக்கிறது?"

சொம்பைக் கீழே வைத்தேன். சத்தமில்லாமல் வைக்கத்தான் நினைத்தேன். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

சேதராப்பட்டுக் கம்பெனியில் நீ கலப்பவன், நான் சோதிப்பவன். "உனக்குச் சம்பளமே எங்கிட்ட கொறை கண்டுபிடிக்கத்தான்டா" என்பாய். அப்போது நாம் விற்ற களைக்கொல்லிப் பொடிக்குக் குறை கண்டுபிடிக்கச் சோதனை அறை எதற்கு? தண்ணீரில் கொட்டினால் மேலேயே மிதக்கும். குச்சியை விட்டு ஆட்டினால் கட்டி கட்டியாகத் திரளும். பாகூரிலிருந்து ஒரு விவசாயி தெளிப்பானை முதுகில் சுமந்துகொண்டே கம்பெனிக்கு வந்தாரே, மறந்திருக்க மாட்டாய். உன் மேசைமேல் அதைக் கவிழ்த்தார். "இது களை மருந்தா, சப்பாத்தி மாவா சார்? தெளிக்கிற நாசிலு அடைச்சிக்கிது. வாயால ஊதி ஊதி எடுக்குறேன்."

அவர் திட்டியதை எல்லாம் வாங்கிக்கொண்டாய். வாயால் ஊதுகிறேன் என்று சொன்னதை மட்டும் உன்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோனாய். நீ நல்ல காரணத்துக்காகத்தான் தொடங்கினாய். யார் கேட்டாலும் இதைச் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

பிறகு மாதக்கணக்கில் அதே பேச்சுத்தான். மருந்து தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் குணம் கொண்டது. அதை மாவாக அரைத்து, சைனா கிளே என்கிற வெள்ளைக் களிமண் தூளோடு சேர்த்து, தண்ணீரோடு பழகவைக்க ஒரு சரக்குப் போடவேண்டும். பழகிய துகள்கள் தங்களுக்குள் கூட்டுச் சேராமல் விலக்கிவைக்க இன்னொரு சரக்கு. முதலாவது கூடிப்போனால் நுரை பொங்கி வழியும். இரண்டாவது குறைந்தால் எல்லாம் அடியில் போய்க் கல்லாக உட்காரும். நீ எதையும் முதலில் விரலால்தான் பார்ப்பாய். ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்ப்பாய். "மிஷினு அப்புறம் சொல்லட்டும். கை முன்னாடியே சொல்லிடும்டா." கையுறை போடு என்று நான் கத்துவேன். கையுறைக்குள் கை ஊமையாகிவிடும் என்று ஒரு வியாக்கியானம் வைத்திருந்தாய்.

ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு இதே குழாய் முன்னால் நிறுத்தினாய். தண்ணீரின்மேல் கொஞ்சம் பொடியைத் தூவினாய். யாரும் கலக்கவில்லை, ஆட்டவில்லை. ஒரு கணம் மேலே தங்கிய பொடி பிறகு தானே முங்கியது. வெள்ளைப் புகையாக இறங்கி, நடுவழியில் விரிந்து, அடியைத் தொடுவதற்குள் குழாய் முழுவதும் பாலாகிவிட்டது. நீ கையைத் தட்டிக் குதித்தாய். நான் மேசைமேலிருந்த சாய டப்பாவை உன் பக்கம் நகர்த்தினேன்.

"இதுல நீலத்த கலந்துடு. பாக்க மாவு மாதிரியே இருக்கு."

"கடைசில கலக்குவோம்டா. இப்பவே சாயத்தப் போட்டா கலங்கல் எவ்ளோன்னு எப்புடிப் பாப்ப?"

சரியான பதில்தான். உன் பதில்கள் எப்போதும் சரியாகத்தான் இருக்கும், அதுதான் எரிச்சல். பொடி நின்று தெளிந்த பிறகு நான் குழாயை உயர்த்திப் பார்த்தால் என் தோளைத் தட்டுவாய். "மேல தெளிஞ்சிருக்குன்னு சந்தோசப்படாத. அடியில பாரு."

அந்த மருந்து களையைக் கருக்காது. புதிதாக வரும் தளிரைப் பச்சை பிடிக்கவிடாது, அவ்வளவுதான். புல் வெள்ளை வெளேரென்று முளைக்கும், கொஞ்ச நாள் அப்படியே நிற்கும், பிறகு சாயும். கம்பெனிக்குப் பின்னாலிருந்த சோதனைப் பாத்தியில் அதை முதலில் பார்த்த அன்று, அழகாக இருக்கிறது என்று நீ சொன்னாய். 

சாயங்காலமானால் உனக்குப் பெத்தாங் ஆட்டம். மூடிய மில்லுக்குப் பின்னால், உன் தெருக்கோடி மைதானத்தில், இரும்புக் குண்டை உருட்டி, வீசி, சின்ன மரப்பந்துக்குப் பக்கத்தில் யாருடையது என்று குனிந்து அளந்து சண்டை போடுவீர்கள். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சொல்தா ஐயாதான் நடுவர். போட்டி நாளுக்கு முன்னால் மைதானத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுவது உன் வேலை. அதற்குக் கம்பெனியில் மீந்த களிமண் தூளைச் சொல்லிவிட்டே எடுத்து வருவாய், அதில் திருட்டு ஒன்றும் இல்லை. களிமண் யாரையும் ஒன்றும் செய்யாது.

ஆனால் நம் கலவை அறையில் ஒரு வழக்கம் இருந்தது. சோதனைச் சரக்குக்கு அச்சடித்த பை கிடையாது. காலியான களிமண் மூட்டையிலேயே கொட்டி, சிவப்புச் சணலால் கட்டி வைப்போம். ஒரு போட்டிக்கு முந்தின நாள் நீ சணலைப் பார்க்கவில்லை. மூட்டைக்குள் கையைவிட்டு விரலால் தேய்த்துப் பார்த்தாய். களிமண் மாதிரியே வழவழப்பாக வரும்வரை மாதக்கணக்கில் அந்தப் பொடியை அரைத்தவன் நீ. உன் கைக்கே வித்தியாசம் தெரியவில்லை. அந்த மூட்டையைத்தான் எடுத்து வந்து கோடு போட்டாய்.

மறுநாள் காலை ஆட்டம் பார்க்க நானும் வந்திருந்தேன். ஐப்பசிப் பனி மண்ணை ஈரமாக்கியிருந்தது. களிமண் கோடு பனி பட்டால் அப்படியே பிசுபிசுத்துக் கிடக்கும். இந்தக் கோடு கிடக்கவில்லை. ஓரமெல்லாம் கரைந்து சரிவுப் பக்கம் இழைந்திருந்தது. சொல்தா ஐயாதான் முதலில் குனிந்தார். "என்னாப்பா இது, கோடு நடந்து போவுது?"

நீ குனியவே இல்லை. உன் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். கிழக்கே கடல்மேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. மைதானம் சரிந்து போய் முடியும் இடத்தில் தெருக் கிணறு, அதற்கு உடைந்த கைப்பிடிச் சுவர். பழைய பொடியாக இருந்திருந்தால் கட்டி கட்டியாக மேலே மிதந்திருக்கும், வாளியில் அள்ளிக் கொட்டியிருக்கலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், யாரும் தொடாமலேயே தானே கலக்கும்படி இதைச் செய்து வைத்தவன் நீ.

"அள்ளுங்க! மண்ணோட அள்ளுங்க!" நீ கத்திய கத்தலில் தெரு கூடிவிட்டது. முறம், தட்டு, உடைந்த ஓடு, கையில் கிடைத்ததை வைத்துச் சுரண்டினோம். உனக்கு அதெல்லாம் போதவில்லை, முழங்காலில் நின்று வெறும் கையால் வழித்தாய். சொல்தா ஐயா கிணற்றடியில் நின்று வந்தவர்களை எல்லாம் "அத்தான்சியோன்! அத்தான்சியோன்!" என்று பிரெஞ்சில் எச்சரித்து விரட்டிக்கொண்டிருந்தார். வடக்குப் பக்கமும் மேற்குப் பக்கமும் முடிந்தன. கிணற்றுப் பக்கக் கோட்டில் பாதி மீதி இருக்கும்போது மழை இறங்கியது. நீ அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாய். உன் முன்னாலேயே அந்தக் கோடு பாலாகி ஓடியது.

நீ மறைக்கவில்லை. கம்பெனியிலும் சொன்னாய், தெருவிலும் வீடு வீடாகப் போய்ச் சொன்னாய். நம்பாதவர்களுக்காக இரண்டு தட்டில் கேழ்வரகைத் தூவி, ஒன்றுக்குத் தெருக்குழாய்த் தண்ணீர், ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாய். முளைத்ததும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தாய். ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை. அன்றே கிணற்றுக்குப் பலகை போட்டார்கள். அந்த மழைக்கு மைதானமெங்கும் பச்சைப் புல். கிணற்றுப் பக்கம் மட்டும், நீ கோடு போட்ட இடத்தில், புல்லே வெள்ளைக் கோடாக முளைத்து நின்றது. அதைப் பிடுங்கக்கூட நீ அந்தப் பக்கம் போகவில்லை.

மாசியில் நீ போய்விட்டாய். நெஞ்சுச் சளியில் தொடங்கிய இருமல்தான். கம்பெனித் தூசியா, அந்த நாளா, வேறு ஏதாவதா, ஒரு டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. நானும் எதையும் எதோடும் முடிச்சுப் போடவில்லை. கடைசியில் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

இந்தக் குழாயை வாங்கிக்கொண்ட அன்று உன் வீட்டிலிருந்து நேராகக் கிணற்றடிக்குத்தான் போனேன். தெருக்கோடி வீட்டு அக்கா இறைத்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றேன்.

"அவரு பயந்த மனுசன். ஒரு மழ அடிச்சா எல்லாம் போயிருக்காதா? தண்ணியப் பாருங்க, கண்ணாடியா இருக்கு. எம் மருமவ மாசமா இருக்கா. உப்புத் தண்ணி அவளுக்கு எறங்கவே மாட்டேங்குது. பலகைய எடுக்கச் சொன்னதே நாந்தான்."

"நான் சோதிச்சுச் சொல்றேங்கா. அதுவரைக்கும் அந்தப் பொண்ணுக்கு மட்டுமாவது கேன் வாங்கிக் குடுங்க."

"சரி சரி, வாங்குறேன்" என்றார். பிள்ளைகளைச் சமாளிக்க வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அதே சரி சரி.

உன் குழாயில் கிணற்றுத் தண்ணீரை நிறைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தட்டில் கேழ்வரகைத் தூவி, அதிலிருந்து ஊற்றி வைத்தேன். நீ இருந்தால் இன்னொரு தட்டும் வைக்கச் சொல்வாய் என்று தோன்ற, அதையும் வைத்து என் வீட்டுத் தண்ணீரை ஊற்றினேன். குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் தெளிவாக இருந்தது. வெயிலுக்கு எதிரே பிடித்தால் எதிர்வீட்டுக் கதவு தெரியும் அளவுக்குத் தெளிவு. தோளை யாரோ தட்டிய மாதிரி இருந்தது. குனிந்து அடியில் பார்த்தேன். மயிரிழை அளவுக்கு ஒரு வெள்ளை. சுண்ணாம்பாக இருக்கலாம், மண்ணாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முளை கிளம்பியபோது இரண்டு தட்டும் ஒரே நிறம்தான். முளையில் எல்லாம் வெளுப்பாகத்தான் இருக்கும் என்று ஆறுதல்பட்டேன். பிறகு என் வீட்டுத் தண்ணீர்த் தட்டு பச்சை பிடித்தது. மற்றது பிடிக்கவில்லை. அடியில் கொஞ்சம் மஞ்சள் பச்சை, நுனியெல்லாம் வெள்ளை. உன் தட்டு அளவுக்கு வெள்ளை இல்லை. குறைந்திருக்கிறது, போய்விடவில்லை.

தட்டுகளோடு போனேன். உன் மனைவி வாசலில் நின்று பார்த்தாள், உள்ளே போய்க் குடத்தைக் கவிழ்த்தாள். கூட்டம் சேர்ந்தது. பலகையைத் தூக்கி வந்து மூடினார்கள். கோடி வீட்டு அக்கா மட்டும் அந்தத் தட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து, வெள்ளை நுனிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"கேன் வாங்கித் தந்தீங்களாக்கா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்கிற ஆட்டல். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

பொடியில் எது எவ்வளவு, தண்ணீரில் எத்தனை நேரம் நிற்கும், எவ்வளவு அடியில் தங்கும், எல்லாம் எனக்குத் தெரியும். இதைச் சொல்ல மட்டும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டுவோம், நானும் கூட வருகிறேன் என்றேன். நாளைக் காலை அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு போகிறோம். டாக்டரிடம் காட்ட இந்தக் குழாயையும் எடுத்துக்கொள்வேன். எனக்குள் போன அந்த ஒரு சொம்பைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். எனக்கு வயதாகிவிட்டது, அது கிடக்கட்டும். அந்த அக்கா கேட்டதற்கு மட்டும் நீ பதில் சொல்லேன்டா. எப்போதும் சரியான பதில் வைத்திருப்பாயே.