பதினான்காம் தேதிக் கட்டம்

செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியமாக இருக்கிறோம், என் வலது முழங்கால் மட்டும் தன் சௌக்கியத்தைத் தனியாக எழுதச் சொல்கிறது, அதை விடு. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி எழுந்து தெம்பாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுக்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், உனக்குக் குறுக்கே நான் பேசுவேன், கடைசியில் விஷயத்தைச் சொல்லாமலேயே கோபித்துக்கொண்டு வைத்துவிடுவோம். அடுத்த மாதம் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், மூன்று வருடம் கழித்து நீ வந்து இறங்குகிறாய். விமான நிலையத்தில் முதல் ஆளாக நான்தான் நிற்பேன், அப்பாவைக்கூட எனக்குப் பின்னால்தான் நிற்க வைப்பேன் என்று எத்தனை தடவை சொன்னேன்! இப்போது அது சந்தேகமாகிவிட்டது. உடனே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, முழுசாகப் படி. இவ்வளவு சந்தோஷமான தொல்லை என் ஆயுசில் எனக்கு வந்ததே இல்லை.

ஐம்பத்து மூன்று வயதில் நிறுவனத் தலைமைத்துவத்தில் முதுகலை படித்து எந்த நாட்டை ஆளப் போகிறாய் என்று உன் சித்தி கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா. அங்கே உட்கார்ந்துகொண்டே விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பியவள் நீதான், ஆகவே நடந்ததில் பாதிப் பழி உனக்கு. சனிக்கிழமை சாயங்கால வகுப்பில் என் பக்கத்தில் தீயணைப்பு நிலைய அதிகாரி ஒருவர், அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. மூன்று பேரும் அடுத்தவரைப் பேச விட்டுப் பழக்கம் இல்லாதவர்கள், பாவம் எங்கள் பேராசிரியை. உன்னைவிட இரண்டு வயது சின்னவளாகத்தான் இருப்பாள், ஆனால் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒரு பார்வை பார்த்தாள் என்றால் நானே சட்டென்று நோட்டைத் திறந்துவிடுவேன். அவள் கடைசி வருட ஆய்வுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். வேலை செய்கிற இடத்தில் எந்த வேலையை நீங்கள் இன்னொருவர் கையில் கொடுக்கவே மாட்டீர்களோ அதைக் கொடுத்துவிட வேண்டும், ஒரு மாதம் தொடக்கூடாது, நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும், நடுவில் கை வைத்தால் ஆய்வு செல்லாது, அடுத்த வருடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மற்றவர்கள் எதைக் கொடுப்பது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்டவுடனே பகீரென்றது, வேறெது, என் டூட்டி லிஸ்ட்தான்.

நீ கல்லூரி நாளிலிருந்து பார்த்ததுதானே, மாதா மாதம் சாப்பாட்டு மேஜை முழுக்க அந்தப் பெரிய தாளை விரித்து, இடது பக்கம் இருபத்திரண்டு நர்சுகளின் பெயர், மேலே தேதி, ஒவ்வொரு கட்டத்திலும் காலை, மாலை, இரவு, ஓய்வு என்று பென்சிலால் எழுதி அழித்து எழுதி அழித்து, நீ பக்கத்தில் வந்தால் கத்துவேன். தலைமை நர்ஸ் ஆன இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு மாதம்கூட வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. வார்டில் எனக்கு ரப்பர் சிஸ்டர் என்று பெயராம், போன வாரம்தான் காதில் விழுந்தது. சரி என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு வெறும் தாளைக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டினேன். அடுத்த மாதத்துக்கு நீங்களே உட்கார்ந்து போட்டுக்கொள்ளுங்கள், இந்த வார்டில் வேலை செய்கிற ஒருத்தர் பெயரும் விடுபடக்கூடாது, சனிக்கிழமைக்குள் முடியுங்கள் என்று சொல்லிவிட்டு சாமான் அறைக்குள் போய் குளுக்கோஸ் பாட்டில்களை எண்ணினேன். மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எதற்கும் இருக்கட்டும் என்று நானும் ரகசியமாக ஒரு லிஸ்ட் போட்டுக் கைப்பையில் ஒளித்து வைத்திருந்தேன். அப்பா அதைக் கண்டுபிடித்துவிட்டு, நீ படிக்கறது தலைமையா திருட்டா என்று கேட்டார்.

முதல் நாள் பார்த்தால் எல்லாருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, இராத்திரிக் கட்டமெல்லாம் வெறிச்சென்று கிடக்கிறது. அடுத்த நாள் சண்டை, ஒருத்தி அழுதுகொண்டே கழிவறைக்குப் போனாள், என் கை பைக்குள் போய்ப் போய் வருகிறது. மூன்றாம் நாள் குட்டி சிஸ்டர், கடைக்குட்டி கைக்குழந்தையாக இருந்தபோது வந்து சேர்ந்தவள், ஆறு வருடமாக நான் இராத்திரி டூட்டியே போடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தவள், எனக்கு நைட்டு போடுங்க என்று எழுந்து நின்றாளாம். மூணு பசங்க இருக்கற வீட்ல ராத்திரி எவ தூங்கறா, எல்லாம் பள்ளிக்கூடம் போனப்புறம் பகல்ல தூங்கினாத்தான் தூக்கம், ரெண்டு வருஷமா கேக்கணும்னு இருக்கேன், சிஸ்டர் நமக்காகத்தானே பண்றாங்கன்னு வாய மூடிட்டிருந்தேன் என்றாளாம். கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. நான் நல்லது செய்வதாக நினைத்து அவள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறேனடி. அவள் ஆரம்பித்ததும் மளமளவென்று ஆளாளுக்குப் பேசி, சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஒரு கட்டம் பாக்கியில்லாமல் நிரப்பிவிட்டார்கள்! சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் குதித்தேன், முழங்காலையும் மறந்து குதித்தேன்.

குதித்துவிட்டு வந்து நிதானமாகப் படித்தால், இருபத்திரண்டு பெயருக்குக் கீழே இருபத்து மூன்றாவதாக ஒரு வரி. என் பெயர்! பதினான்காம் தேதி ஞாயிறு, காலை டூட்டி, பென்சிலில்கூட இல்லை, பேனாவில். பதினோரு வருடமாக நான் ஞாயிற்றுக்கிழமை வார்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். என்னடி இது என்று கேட்டால், நீங்கதானே சிஸ்டர் ஒருத்தர் பேரும் விடக்கூடாதுன்னீங்க என்று பச்சைக் குழந்தைகள் மாதிரி முழிக்கிறார்கள். நீ வருகிற விஷயம் அவர்களுக்கு எப்படித் தெரியும், நான்தான் வீட்டுப் பேச்சை வார்டில் பேசுகிறவள் இல்லையே.

இதுவரை திங்கட்கிழமை எழுதியது, இன்று வியாழன். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளை மை வாங்கித் தரட்டுமா, பூசிடு, யார் கேக்கப் போறா என்றார் அப்பா. யாரும் கேட்கமாட்டார்கள்தான், அதுதானே பயமாக இருக்கிறது. நான் அந்தக் கட்டத்தில் கை வைத்தால் ஒரு வருடப் படிப்பு போவது ஒரு பக்கம், இனிமேல் அந்தப் பெண்கள் என் முன்னால் வாயைத் திறப்பார்களா? ஆனால் இரண்டு பேர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு நாள் மாற்றிக்கொள்ளலாம், அது எல்லாருக்கும் உள்ள வழி. அதற்கு ஆளைப் பார்த்துக் கேட்க வேண்டும், எனக்கோ கேட்டுப் பழக்கமில்லை. கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போய், அன்றைக்கு ஓய்வு போட்டிருக்கும் நெட்டை சிஸ்டரிடம் கேட்டேன், என் மகள் வருகிறாள், பதினான்காம் தேதியை மாற்றிக்கொள்கிறாயா என்று. அவள் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. முடியாது சிஸ்டர், அன்னைக்கு என் பையனுக்கு நீச்சல் போட்டி, நாலு நாள் பேப்பர் காலியாத்தானே இருந்துச்சு, நீங்களும் ஒரு ஓய்வு போட்டிருக்கலாமே என்றாள். எனக்குத் தோன்றவே இல்லை, கண்ணு. இத்தனை வருடமும் ஞாயிற்றுக்கிழமையை நான் யாரிடமும் கேட்டதில்லை, எடுத்துக்கொண்டேன்.

குட்டி சிஸ்டரைக் கேட்டேன், முந்தின இராத்திரி டூட்டி, முடியாது என்றாள். இன்னும் இரண்டு பேரைக் கேட்டேன், அவர்களும் மாட்டேன் என்றுவிட்டார்கள். வண்டியில் வந்து உட்கார்ந்து பத்து நிமிடம் நன்றாக அழுதேன், உன்னை நினைத்துத்தான். அப்புறம் திடீரென்று உறைத்தது, பதினோரு வருடத்தில் என் முகத்துக்கு நேராக ஒருத்தியும் முடியாது என்று சொன்னதில்லை, இன்று ஒரே மத்தியானத்தில் நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் பயப்படாமல், மாத்திரை எண்ணிக்கை தப்பாமல்! உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இதற்குப் போய் இந்த ஆட்டம் போடுகிறாயே என்று அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஆகவே நான் விமான நிலையத்துக்கு வரப்போவதில்லை, தங்கமே. அப்பா வருவார், பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேறு யார் மகளையோ அழைத்துப் போய்விடப் போகிறார், நீயே முந்திக்கொண்டு கூப்பிடு. வீட்டுக்குப் போகாதே, பெட்டியோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வா, மூன்றாம் மாடி, பத்தரை மணியிலிருந்து பதினொரு மணி வரை எனக்கு இடைவேளை. விமானத்தில் கொடுப்பதை மிச்சம் வைக்காமல் சாப்பிடு, கால் உறை மாட்டிக்கொள், பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போடாதே, கைப்பையில் வை. எனக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து, சிரித்த முகமாக இருக்க வேண்டும். லிஃப்ட் கதவு திறக்கும்போது எதிரில் சீருடையோடு நான் நிற்பேன், ஓடி வந்து கட்டிக்கொள்ளாதே, வார்டு அது, இடது பக்கம் குழாய் இருக்கிறது, முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. மூன்று வருடம் பொறுத்தவள், அந்த ஒரு நிமிடமும் பொறுத்துக்கொள்கிறேன்.

முத்தங்களோடு,
பதினான்காம் தேதி காலை டூட்டியில் இருக்கும்
உன் அம்மா