சாதகப் பறவைக்கு ஒரு துளி

அன்புள்ள என் பொட்டுக்காரனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீயும் நலம் என்றுதான் சொல்கிறாய், ஆனால் நடுநடுவே தும்முகிறாய், அதனால் பாதிதான் நம்புகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் வேலை வந்துவிட்டது என்று வைத்துவிடுவாய், கடிதமென்றால் தப்பிக்க முடியாது பார்.

நம் தெருமுனைக் குழந்தை டாக்டர், நோயாளிகள் காத்திருக்கும் அறைச் சுவர் முழுக்கப் பறவைகள் வரைந்து தரச் சொன்னார். கிளியும் மயிலும் எல்லாரும் வரைகிறார்கள், நான் பழைய கதைப் பறவைகளாக வரைகிறேன் என்றேன். பாலையும் தண்ணீரையும் பிரிக்கும் அன்னம், ஜோடியைப் பிரிந்தால் உயிர் வாழாத அன்றில், இரண்டையும் சீக்கிரம் முடித்தேன். மூன்றாவது சாதகப் பறவை. குளத்திலும் ஆற்றிலும் வாய் வைக்காது, வானத்திலிருந்து விழும் மழைத்துளியைத்தான் குடிக்கும், அதுவரை அண்ணாந்தபடியே கிடக்கும் என்று சின்ன வயதில் உனக்குச் சொன்னேனே, அதுக்கு ரொம்பக் கொழுப்பும்மா என்றாயே, அதேதான். அலகைத் திறந்து வைத்து, மேலே கருமேகமும் தீட்டி, துளியை மட்டும் வரையாமல் விட்டுவிட்டேன். எல்லாம் பழக்கதோஷம். எந்தப் படத்துக்கும் கடைசிப் பொட்டு நீதானே வைப்பாய், சாயத்தில் விரலை முக்கிக்கொண்டு வந்து நிற்பாய், உனக்கு இந்தப் பெயரே அப்படித்தானே வந்தது. மழைக்காலத்தில் வருகிறேன் என்றாய், கூட்டிப்போய் வைக்கச் சொல்லலாம் என்றிருந்தேன். மழை வந்தது, உனக்கு லீவு கிடைக்கவில்லை. சரி, கோபமில்லை.

அதற்குள் அங்கே ஒரே கூத்து. படத்துக்கு எதிரே உட்காருகிறவர்களுக்கெல்லாம் தாகம் எடுக்கிறதாம், தண்ணீர் கேன் மத்தியானத்துக்குள் காலியாகிவிடுகிறதாம், உங்க பறவையால என் இடுப்பே போச்சு, கேன் தூக்கியே சாகறேன் என்று நர்ஸம்மா பார்க்கும்போதெல்லாம் சண்டைக்கு வருகிறாள். டாக்டரும் பொறுத்துப் பார்த்து, இந்த வாரம் முடிக்காவிட்டால் வேறு ஆளை வைத்து மழை வரைந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா தினமும் சாப்பிடக் கூப்பிடுகிறாள், நீ கூப்பிடும் நேரமாயிற்றே என்று நான் போவதில்லை, போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். சுவத்துல வரைஞ்சிருக்கறது பறவையா இல்ல நீயேதானா என்று நேற்று கேட்டாள். அவள் எதிரில் சிரித்துவிட்டு உள்ளே வந்து அழுதேன். தனியாக இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது தம்பி, ஒரு கரண்டி கீழே விழுந்தால்கூட யாரோ வந்ததுபோல் திரும்பிப் பார்க்கிறேன்.

இன்று காலை நர்ஸம்மா ஏணியைப் பிடித்துக்கொள்ள, நானே ஏறி விரலால் துளியை வைத்துவிட்டேன். அலகுக்குப் பக்கத்தில் வைக்க மட்டும் மனம் வரவில்லை, மேகத்தை ஒட்டி உயரத்தில் வைத்திருக்கிறேன், கீழே வந்து சேர நேரமாகும். டாக்டர் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்றார். சாயங்காலம் தையல்கார அக்கா வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டேன். நீ கூப்பிட்டால் மணி அடித்து ஓய்ந்து போகுமே என்று பதறிக்கொண்டு திரும்பி வந்து போனில் நம்பர் பார்த்தேன், நீ கூப்பிட்டிருக்கவில்லை.

ஈரத் தலையோடு படுக்காதே, வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். அவசரமில்லை, மெதுவாக வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அது பொய். சீக்கிரம் வா. துளிக்குக் கீழே இன்னொன்றுக்கு இடம் விட்டிருக்கிறேன். வரும்போது மறக்காமல் நகத்தை வெட்டிக்கொண்டு வா, உன் நகம் பட்டு எத்தனை படம் கீறிப்போயிருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா