கல்லின் மேல் வைத்த கடதாசி

ஒருநாளும் என்னை முன்னே ஓட விடாத என் சலீமுக்கு,

பதினொரு வருடம் கழித்து எழுதுகிறேன். உனக்கு அனுப்ப முகவரி இல்லாததால் ஊரறிய எழுதுகிறேன். உன்னைப் பற்றித் தவறாகக் கேட்டவர்கள் கையிலாவது இது போய்ச் சேரட்டும். நீ இருந்திருந்தால், இவனுக்குக் கைதான் ஓடும், கால் ஓடாது என்று கேலி செய்திருப்பாய். அதுவும் உண்மைதான்.

முதலில் ஊர்ச் செய்தி. கட்டுகஸ்தோட்டைக்கு இப்போது பஸ் அடிக்கடி ஓடுகிறது. நாம் ஓடிய மஹியாவைப் பாதையில் தூசி தாங்க முடியவில்லை. ஊரெல்லாம் காய்ச்சல் பரவிய வருடத்தில் உன் தம்பி ரஹீம் விழுந்து, பிழைத்து எழுந்தான். உங்கள் கடை பாலத்தடியில் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதே கருவாட்டு மணம்.

நான் நாம் படித்த பாடசாலையிலேயே கணக்கு வாத்தியார். சிரிக்காதே. இந்த வருடம் கிராஸ் கண்ட்ரி ஓட்ட அணியையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். பழைய மாஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார், வேறு யாரும் அகப்படவில்லை.

ஓட்டப் பருவத்தின் முதல் நாளில் நம் பாடசாலையில் ஒரு வழக்கம் உண்டு. உனக்குப் பிறகு வந்த வழக்கம். அணிக்கு வந்தவர்களை மைதான ஓரத்து மரத்தடியில் உட்கார வைத்து மாஸ்டர் ஒரு கதை சொல்வார். முன்பு இங்கே சொல்லுக் கேட்காத ஒருவன் இருந்தான், ஓட்டத்தின் நடுவே பாதையை விட்டு மகாவலி ஆற்றில் குளிக்கப் போனான், மறுநாள் பிணமாக எடுத்தார்கள், ஆகவே யாரும் பாதையை விட்டு விலகக் கூடாது. உன் பெயரைச் சொல்வதில்லை. பதினொரு வருடமாக நீ இப்படித்தான் இங்கே இருக்கிறாய்.

இந்தத் திங்கட்கிழமை அந்தக் கதையைச் சொல்லும் முறை என்னுடையது. சொன்னேன், சலீம். ஒரு சொல் தடுமாறவில்லை. சொல்லி முடித்ததும் எல்லோரும் எழுந்து கால்களை உதறிக்கொண்டு ஓடத் தயாரானார்கள். நான் மட்டும் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

நீ குளிக்கப் போகவில்லை. அது தெரிந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. பருவம் தொடங்கி முதல் சில வாரங்கள் நமக்கு நேரம் பார்த்து ஓடும் ஓட்டம் கிடையாது. முயல் ஓட்டம்தான். ஒருவன் முயல். பழைய கொப்பிகளைக் கிழித்து நிரப்பிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் முன்னே ஓடுவான், போகிற வழியெல்லாம் கடதாசித் துண்டுகளைப் போட்டுக்கொண்டு. கால் மணி நேரம் கழித்து மற்றவர்கள் அந்தத் துண்டுகளைப் பார்த்துப் பார்த்துத் துரத்துவார்கள். முயல் இரண்டொரு இடத்தில் பொய்ப்பாதை போடலாம், அது ஆட்டத்தில் உண்டு. ஆனால் பொய்ப்பாதை முடிகிற இடத்தில் கடதாசியால் ஒரு சிலுவைக் குறி வைத்தே ஆகவேண்டும். அதைக் கண்டால் துரத்துகிறவன் திரும்பிவிடுவான். குறி இல்லாவிட்டால் முயல் அந்த வழியாகப் போயிருக்கிறது என்று பொருள். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லோரும் நம்பினோம்.

அந்த மூன்றாவது வாரம் முயல் நான். எட்டுப் பேர் அணியில் எட்டாவது இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் மாஸ்டர் பெயர்களை வாசிக்கப் போகிறார். அதற்கு முன் நான் முயலாக ஓடிய இரண்டு தடவையும் நீ என்னைப் பிடித்திருந்தாய். ஒரு தடவை மஹியாவைச் சந்தியில் சட்டையைப் பிடித்து இழுத்து, வண்டிக்காரர்கள் பார்க்க, முயல் கறி முயல் கறி என்று கத்தினாய். எனக்கு அது ஆறவில்லை. மூன்றாவது தடவையும் பிடிபட்டால் அணியில் இடமில்லை என்று எனக்குத் தெரியும்.

பாலத்துக்குச் சற்று முன்னே ஆற்றுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் கடதாசி போட்டேன். கரைக்கு வந்தேன். சிலுவைக் குறி வைக்கவில்லை. ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்த கற்களில் கால் வைத்துப் போய், முதல் கல்லிலும் இரண்டாம் கல்லிலும் மூன்றாம் கல்லிலும் ஒவ்வொரு பிடி வைத்தேன். காற்றில் பறந்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல் வைத்தேன். பிறகு புல் வழியாகத் திரும்பி ஏறி, பிரதான வீதியில் நூறு யார் தூரம் தள்ளி மறுபடி துண்டு போடத் தொடங்கினேன்.

நான் வைத்தபோது கற்கள் காய்ந்திருந்தன. ஆனால் தண்ணீர் மண் நிறமாக இருந்ததைப் பார்த்தேன். மேலே மலையில் மழை என்றால் இங்கே வெயிலடிக்கும்போதே ஆறு ஏறும் என்று கட்டுகஸ்தோட்டையில் பிறந்த நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். அது எனக்கு நினைவு வந்ததா, வரவில்லையா? பதினொரு வருடமாக என்னையே கேட்கிறேன். நேர்மையான பதில் கிடைக்கவில்லை.

நீ எல்லோருக்கும் வெகு தூரம் முன்னே ஓடி வந்திருப்பாய். மற்றவர்கள் வீதியோடு நேரே போய் அடுத்த துண்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நீ ஒருவன்தான் இறங்கினாய். உனக்கு நீந்தத் தெரியாது, உன் வாப்பா உன்னை ஆற்றுப் பக்கமே விட்டதில்லை. அன்று காலையிலும் எச்சரித்து அனுப்பினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பனியனைக் கழற்றிக் கரைப் புதரில் வைத்தாய். நனைந்த பனியனோடு வீட்டுக்குப் போனால் வாப்பா கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்திருப்பாய். மூன்றாம் கல்வரை போய், அக்கரையில் என் தடம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாய். அந்தப் பனியனை வைத்துத்தான் நீ குளிக்கப் போனாய் என்று முடிவு கட்டினார்கள்.

பிடிபடாமல் பாடசாலை வாசலுக்கு வந்து சேர்ந்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள். தலை எண்ணியபோது நீ இல்லை. மாஸ்டர் என்னிடம், எங்கேயாவது ஆற்றுப் பக்கம் துண்டு போட்டாயா என்று கேட்டார். இல்லை சேர், வீதியோடுதான் போட்டேன் என்றேன். அதனால் முதலில் மலைப் பக்கம் தேடினார்கள். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் உடனே ஆற்றுக்கு ஓடியிருப்பார்கள். நீ எங்கேயாவது ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு இருந்தாயா, சலீம்? எவ்வளவு நேரம்?

மழை பெய்தது. மறுநாள் மண் அள்ளுகிறவர்கள் உன்னை ஆற்று வளைவில் கண்டெடுத்தார்கள். கற்கள் தண்ணீருக்குள் போய்விட்டன. ஒற்றையடிப் பாதையில் ஒட்டிக்கிடந்த நான்கைந்து துண்டுகளை நானே போய்ப் பொறுக்கினேன். இதை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

அணியில் இடம் கிடைத்தது. முதல் போட்டியில் கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு உன் இடத்தில் என்னை ஓட விட்டார்கள். எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். நானும் தட்ட விட்டேன்.

மையவாடியில் உன்னை அடக்கிவிட்டு வந்த வாப்பா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், சொல்லுக் கேக்காத புள்ள என்று மட்டும் சொன்னாராம். அந்த மாதமே ரஹீமைப் பாடசாலையிலிருந்து நிறுத்திக் கடையில் உட்கார வைத்தார். உன்னைப் போலவே ஓடக்கூடியவன் என்று எல்லோரும் சொன்ன ரஹீம் இன்று வரை அரிசி மூட்டை தூக்குகிறான்.

திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் பஸ் ஏறி உங்கள் வீட்டுக்குப் போனேன். ஒருவருக்காவது சொல்லிவிட வேண்டும், அதுவும் முதலில் வாப்பாவுக்கு என்று நினைத்துக்கொண்டே போனேன். போன பிறகுதான் தெரிந்தது, வாப்பாவுக்கு இரண்டு வருடமாக ஞாபகம் இல்லை. வாசல் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். கடை எது, வீடு எது, ரஹீம் யார் என்று மாறிமாறிக் கேட்கிறார். உன் பெயரைச் சொன்னால் மட்டும் முகம் இறுகுகிறது. எல்லாம் அழிந்த பிறகும் உன் மேல் வைத்த கோபம் ஒன்று அழியவில்லை.

என்றாலும் சொன்னேன். கடதாசி, கற்கள், கூழாங்கல், மாஸ்டரிடம் சொன்ன பொய், எல்லாம். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சலீம் சொல்லுக் கேக்காத புள்ள என்றார்.

திரைச்சீலைக்குப் பின்னால் உன் உம்மா இருந்ததை நான் கவனிக்கவில்லை. வெளியே வந்தார். நான் காலில் விழப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"எனத்துக்கு மகன் இவ்வளவு காலம் வெச்சிக்கிட்டு இருந்தீங்க? அவருக்கு புத்தி இருக்கக்குள்ள வந்து சொல்லியிருக்கப்படாதா?"

போய்விடலாம் என்று வாசலில் என் செருப்பைத் தேடினேன்.

"நாளைக்கும் வாங்க," என்றார். "நாளைக்கும் சொல்லுங்க. தெனமும் வந்து சொல்லுங்க. ஒரு நாளைக்காவது அவருக்கு வெளங்கும். என்ட புள்ளய ஏசிக்கிட்டே அவர் மவுத்தாகக் கூடாது."

அவர் என்னை மன்னித்தார் என்று நினைக்காதே. அவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை போனபோது ரஹீம் வாசலில் நின்றான். உம்மா சொல்லியிருக்கிறார். அடிப்பான் என்று நினைத்தேன். "சலீம் நானா குளிக்கப் போனதுன்னு சொல்லித்தான் என்ன ஸ்கூலால நிப்பாட்டினாங்க," என்று சொல்லிவிட்டு விலகி வழி விட்டான். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

புதன்கிழமை அணியை அதே மரத்தடியில் உட்கார வைத்து, திங்கட்கிழமை சொன்னது பொய் என்று சொன்னேன். உன் பெயரைச் சொன்னேன். முயல் யார் என்றும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் பாடசாலை அதிபர் கூப்பிட்டு அனுப்பினார். பழைய புண்ணைக் கிளறிப் பாடசாலையின் பெயரைக் கெடுக்கிறாய் என்றார், அணியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். வேலை இருக்குமா என்று தெரியவில்லை. அடுத்த வருடம் அந்த மரத்தடியில் எந்தக் கதையைச் சொல்வார்கள் என்றும் தெரியவில்லை.

இன்று வியாழன். நான்காவது தடவை. முதல் மூன்று நாளும் போலவே கதிரைக்குப் பக்கத்தில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ஒரே கதையைத் தினமும் சொல்லும்போது அதை மெருகேற்றத் தோன்றுகிறது, சலீம். என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டும் சொற்கள் தாமாகவே வந்து விழுகின்றன. அவற்றைப் பிடித்துப் பிடித்து வெளியே தள்ளவேண்டியிருக்கிறது.

கூழாங்கல் வைத்த இடத்துக்கு வந்தபோது வாப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் தெளிந்திருந்தது. பழைய கடைக்கார வாப்பாவின் பார்வை அது.

"கல்லுக்கு மேல எனத்துக்கு வெச்சீங்க?"

"சலீம் என்னப் பிடிக்கக் கூடாதுன்னு வச்சேன், வாப்பா. நான் ஆத்தக் கடந்துட்டேன்னு அவன் நெனைக்கணும்னு."

அவர் வாய் அசைந்தது.

"அப்ப அவன் குளிக்கப் போகல்ல."

"போகல்ல, வாப்பா."

கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். உள்ளே பார்த்து உம்மாவைக் கூப்பிட்டார். அந்தக் குரலில் அப்படி ஒரு அவசரம். உம்மா குசினியில் அடுப்படியில் இருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஓடித்தான் வந்தார். வந்து முன்னால் நின்று, என்ன, என்ன என்று கேட்டார். வாப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதற்குக் கூப்பிட்டோம் என்று தேடினார். பிறகு, தேத்தண்ணி போடச் சொன்னார்.

நடந்ததை நான் உம்மாவிடம் சொன்னேன். அவர் அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அழுதார். வாப்பாவின் வாயிலிருந்து கேட்கத்தான் உம்மா பதினொரு வருடம் காத்திருந்தார், என் வாயிலிருந்து கேட்க அல்ல. வாப்பா யார் வீட்டில் மவுத்து என்று விசாரித்தார்.

நாளைக்கு ஜும்ஆத் தொழுகை முடிந்து வாப்பாவைக் கூட்டி வரும் நேரத்துக்குப் போவேன். வேலை போனாலும் போவேன், ரஹீம் வழி விடாவிட்டாலும் வாசலில் நின்று சொல்வேன். இனி உம்மாவைக் குசினியிலிருந்து கூட்டி வந்து, வாப்பாவின் முகம் தெரிகிற இடத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் முதல் சொல்லைத் தொடங்குவேன். இது என் வாக்கு. நீ குளிக்கப் போகவில்லை என்று அவர் சொல்கிற அந்த நொடியில் உன் உம்மா அங்கே இருப்பார்.

உன் கூட்டாளி,
உன் வாப்பாவுக்கு மகன் முறையாகும்
நடராஜன்