நீ இல்லாத நீலப் புள்ளி

இல்லை, சார்ஜ் போடவில்லை. மூன்று மாதமாக நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன், கட்டிக்கொள்ள ஆளில்லாத வாட்ச்சுக்கு. நேற்று நிறுத்திவிட்டேன். ஜன்னலோரம் கிடக்கிறது. சிவப்புக் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னுகிறது.

இரண்டு வருடம் உன்னை நான் கேட்ட கேள்வி அது. சென்னையிலிருந்து, தினமும் காலையில். "வாட்ச்சுக்கு சார்ஜ் போட்டியாம்மா?"

பட்டையை முகர்ந்து பார்த்தேன். உன் சந்தன சோப்பு. அதற்கு அடியில் பச்சைக் கற்பூரம். நம் வீட்டில் பச்சைக் கற்பூரம் கிடையாது. மூன்று மாதமாக முகர்கிறேன். அது யாருடைய வாசனை என்று நேற்றுத்தான் தெரிந்தது.

தொட்டியத்தில் தொடங்கியது இது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏற வேண்டியவள், ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளியிருக்கும் தொட்டியத்தில் போய் இறங்கினாய். உன் போனில் சார்ஜ் இல்லை. வாழைக்காய் மண்டியிலிருந்து ஒருவர் என்னை அழைத்தார். "உங்கம்மா இங்க உக்காந்து டீ குடிச்சிட்டிருக்காங்க. பதறாதீங்க." நான் பதறினேன். "பஸ் மாறிடுச்சுடி" என்றாய். அதற்கு மேல் கேட்கவில்லை. மறதி என்று நானே முடிவு செய்தேன். அடுத்த வாரம் வாட்ச்சோடு வந்தேன்.

"நீ எத்தனை அடி நடந்தன்னு சொல்லும்மா, அவ்வளவுதான்."

முழுப் பொய் இல்லை. அடியையும் சொல்லும். எங்கே வைத்த அடி என்பதையும் சொல்லும். அதை மட்டும் விட்டுவிட்டேன்.

போனில் ஒரு கட்டம் வந்தது. 'அணிபவரின் சம்மதத்தைப் பெற்றுவிட்டேன்.' நீ சமையலறையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாய். பத்தடி தூரம். நான் டிக் செய்தேன்.

என் ஆராய்ச்சிக்காக முன்பின் தெரியாதவர்களிடம் நான்கு பக்கச் சம்மதப் படிவம் நீட்டுகிறவள் நான். புரியாத வரியை இரண்டு முறை படித்துக் காட்டுவேன். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பேன்.

நீ வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். என்னையும் பார்த்தாய். பிறகு "ம்ம், கட்டி விடு" என்று கையை நீட்டினாய்.

அன்றிலிருந்து நீ ஒரு நீலப் புள்ளி. விடுதியில் பல் தேய்த்துக்கொண்டே பார்ப்பேன். ஆறு மணிக்குப் புள்ளி வாசலை விட்டுக் கிளம்பும். கீழச் சித்திரை வீதி, தெற்கு, மேற்கு, வடக்கு. கோயிலைச் சுற்றி ஒரு சதுரம். ஐம்பது நிமிடம். மழையிலும் அதே சதுரம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் மட்டும் கொஞ்சம் தேங்கும்.

"முட்டி வலின்னு சொன்ன, இவ்ளோ வேகமா நடக்கற?"

"நானா நடக்கறேன்? ரங்கநாதருல்ல நடத்தறாரு."

தொடர்ந்து ஒரு இருமல். அது அடக்கிய சிரிப்பு என்று இப்போது தெரிகிறது.

வாட்ச்சுக்கு முன்னால், "இன்னிக்கு எங்கம்மா போன?" என்று கேட்பேன். நீ ஒன்றைத் தொட்டு ஒன்றாக அரை மணி நேரம் பேசுவாய். தேங்காய்க்காரனோடு போட்ட சண்டை, அதில் நீ தோற்றது, தோற்றும் பேசாமல் வராதது. வாட்ச் வந்த பிறகு கேட்க வேண்டியிருக்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. அழைப்பு இரண்டு நிமிடமாகச் சுருங்கியது. சார்ஜ் போட்டியா. போட்டேன். வெச்சுடட்டுமா. சரிடி.

உன் காலை நடையின் நாடித் துடிப்பை அச்செடுத்து டாக்டரிடம் காட்டினேன். வேறு பரிசோதனைகளும் செய்தார். ஆனால் அந்தத் தாளைத்தான் அதிக நேரம் பார்த்தார். "இந்த வயசுல இந்த நடை பிரமாதம்மா." நீ சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஐப்பசியில், ஒரு மதியம். வீட்டில். வாட்ச் உன் கையில்தான் இருந்தது. நீ விழுந்ததும் என்னை அழைத்தது. நான் எடுத்தேன். பக்கத்து வீட்டுக் கோமளா மாமியை ஓடச் சொன்னேன். மாமி ஓடினார். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. இதையும் எழுத வேண்டும்.

நேற்று மாலை மாமி வந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உன் அடுத்த நாற்காலி. ஓய்வுக்குப் பிறகு அடுத்த வீடு. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஒண்ணு சொல்லணும்டி. கார்த்தால அந்த வாட்ச்சைக் கட்டிண்டு சுத்தினது நான்."

எனக்குப் புரியவில்லை.

"வாசல்லயே கழட்டி என் கைல கட்டிடுவா. நான் எப்பவும்போல நாலு வீதியும் பிரதட்சணம் பண்ணிட்டு வருவேன். அதுக்குள்ள அவ வேற எடம் போயிட்டு வந்துடுவா. 'கோமு, கொஞ்சம் மெதுவா நடடி, எனக்கு முட்டி வலி'ம்பா."

மாமி சிரித்தார். சிரித்தபடியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அந்த முந்தானையில் பச்சைக் கற்பூரம். பெருமாள் தீர்த்தத்துக்குப் பொடித்த கையோடு கிளம்பியிருப்பார், தினமும்.

"டாக்டர் பாத்தது என் நாடியடி. நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா அவ இருந்திருப்பாளோ?"

"பொய்ய ஆரம்பிச்சது நான் மாமி" என்றேன். அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

"அவளுக்கு மொத நாளே தெரியும். 'எங்க இருக்கேன்னு பாக்கறா கோமு, கேக்க மாட்டேங்கறா'ன்னு சொல்லுவா." மாமி என் பக்கம் நகர்ந்தார். "எங்க போவான்னு சொல்லட்டுமா? 'அவ கேட்டா சொல்லிடு, கேக்காட்டா நீயா சொல்லாதே'ன்னு சொல்லியிருக்கா."

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. காவிரியில் அம்மா மண்டபத்துப் படியா? கொள்ளிடக் கரையா? யாராவது ஒருவரா? தொட்டியத்துக்கு உண்மையிலேயே பஸ் மாறித்தான் போனாயா? கேட்டால் ஒரே வாக்கியம். அத்தனை காலைகளுக்கும் ஓர் இடம் கிடைத்துவிடும்.

பத்து வயதில் உன்னை ஒரு முறை கேட்டேன். எக்ஸ்சேஞ்சில் நீ வெளியூர் டிரங்க் கால் போட்டுக் கொடுத்த காலத்தில், ஜனங்க பேசறதெல்லாம் உனக்குக் கேக்குமாம்மா? "கேக்கும். லைன் கிடைச்சிடுச்சான்னு ஒரு வார்த்தை கேப்போம். அப்புறம் சுவிட்சைத் தள்ளிட்டு வெளியில வந்துடுவோம்." ஒரு தடவைகூட ஒட்டுக் கேட்டதில்லையா? "ஒரே ஒரு தடவை." என்ன பேசினாங்க? நீ என் பின்னலை இறுக்கிக்கொண்டே சொன்னாய்: "சொல்றதுக்கு அது என்னோடது இல்லையே."

"வேண்டாம் மாமி" என்றேன்.

பெருந்தன்மை இல்லை. அனுமதி நீ கொடுத்ததுதான். ஆனால் உன்னிடம் கேட்டிருந்தால் நீ நேராகச் சொல்லியிருக்க மாட்டாய். எங்கோ ஆரம்பித்திருப்பாய். நடுவில் பால் பொங்குதுடி என்று போயிருப்பாய். திரும்பி வந்து, எங்க விட்டேன் என்று கேட்டிருப்பாய். எனக்கு இடம் வேண்டாம் அம்மா. அந்த அரை மணி நேரம் வேண்டும். அது மாமியிடம் இல்லை.

மாமி போன பிறகும் அந்தக் கேள்வி வாயிலேயே இருந்தது. எங்கம்மா போன? இப்போதும் இருக்கிறது.

இன்று காலை மாமி மறுபடி வந்தார், கையில் ஒரு பெட்டியோடு. ஐதராபாத்தில் இருக்கும் மகன் அனுப்பியது. இதே மாதிரி வாட்ச், புதுசு.

"இதப் போட்டுக் குடுடி. பிராணன வாங்கறான்."

பிரித்து மாமியின் போனோடு இணைத்தேன். அதே கட்டம். மாமிக்கு வாசித்துக் காட்டினேன். "எங்க போனாலும் உங்க மகனுக்குத் தெரியும் மாமி. நாடித் துடிப்பும் தெரியும். விழுந்தா கூப்பிடும். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம். நடுவுலயும் சொல்லலாம்."

மாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கட்டத்தையே பார்த்தார்.

"விழுந்தா கூப்பிடட்டும். நல்லதுதானே. ஆனா வெள்ளிக்கிழம கார்த்தால மட்டும் கழட்டி வெச்சுடுவேன்னு அவனுக்கு எழுது."

"ஏன்னு கேட்டார்னா?"

"நேர்ல வந்து கேக்கச் சொல்லு."

போனை அவரிடம் நீட்டினேன். கட்டத்தில் மாமியே விரலை வைத்தார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதி அவர் மகனுக்கு அனுப்பினேன்.